காட்டும் வேகம் ஒன்று, ஓடும் வேகம் ஒன்று: செயலி மீடிறன் டிரைவர் பேட்ச்சை அறிகுறி பார்த்துச் சோதிப்பது

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மேசை இருக்கிறது. அதில் ஒரு ராஸ்பெரி பை 4, நான்கு கோர் உள்ள மலிவான ஏஆர்எம் போர்ட் ஒன்று, விசைப்பலகையில் பாதி எழுத்து அழிந்துபோன மடிக்கணினி ஒன்று. பரந்தனிலிருந்து ஒரு தம்பியும், அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் ஒரு தங்கச்சியும் லினக்ஸ் கேர்னலில் செயலியின் மீடிறனை, அதாவது ஓடும் வேகத்தை, ஏற்றி இறக்கும் சிபியுஃப்ரீக் பகுதிக்கு எழுதும் மாற்றங்களை (பேட்ச்) வெளியே அனுப்புமுன் என்னிடம் காட்டுவார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வன்பொருளை இயக்கும் நிரல்களான இந்த டிரைவர்களில் மூன்று எண்கள் உண்டு. எந்த வேகம் வேண்டும் என்று தீர்மானிக்கும் கவர்னர் கேட்ட மீடிறன் ஒன்று. டிரைவர் வன்பொருளிடம் எழுதிய மீடிறன் ஒன்று. சில்லு உண்மையில் ஓடும் மீடிறன் ஒன்று. மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பேட்ச்சை வாசித்தால் எல்லா வரியும் சரியாகத்தான் தெரியும். அதனால் முதலில் போர்ட்டை ஓடவிட்டு, எந்த இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பொறுப்பான வரியைத் தேடிப் போவதுதான் என் வழக்கம்.

கோப்புப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். எல்லாம் சிஸ் அடைவில், சிபியுஃப்ரீக் என்பதற்குள்ளே, சேர்ந்து வேகம் மாறும் கோர்களுக்கு ஒன்று வீதம் பாலிசி0, பாலிசி1 என்று இருக்கும்.

அறிகுறி: இரவில் நன்றாக ஓடுகிறது, பகலில் மெதுவாகிறது

"அண்ணை, ராவிலை சரியா ஓடுது, மத்தியானம் எண்டா இழுக்குது. பேட்ச் பிழையோ?" தம்பியின் முதல் கேள்வி இதுதான். பேட்ச்சைத் திறக்கவே தேவையில்லை. வைகாசிக் காண்டாவன வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த போர்ட் என்ன பாடு படும் என்று வன்னியில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டுமா?

ராஸ்பெரி பை 4இல் சில்லு 80 பாகை செல்சியஸைத் தாண்டியதும் போர்டிலேயே இருக்கும் ஃபேர்ம்வெயர் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 85இல் இன்னும் இறுக்கும். லினக்ஸின் அனுமதியை அது கேட்பதில்லை. அதனால் ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக் கோப்பு 1500000 என்றே காட்டிக்கொண்டிருக்கும், சில்லு அதற்குக் கீழே ஓடும். விசிஜென்சிஎம்டி என்ற கட்டளையில் மெஷர்_கிளாக் கேட்டால் அளந்த வேகம் வரும். கெட்_த்ராட்டில்ட் கேட்டால் பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்ஸ்) எண் ஒன்று வரும். 0 என்றால் பிரச்சினை இல்லை. 50005 என்று வந்தால் கடைசி 5ஐப் பிரித்துப் பாருங்கள்: 1 என்றால் இந்த நிமிடம் வோல்ட்டேஜ் குறைவு, 4 என்றால் இந்த நிமிடம் வேகம் மட்டுப்பட்டிருக்கிறது. முன்னாலுள்ள 5 அதே இரண்டும் போர்ட் தொடங்கியதற்குப் பிறகு ஒருமுறையாவது நடந்ததைச் சொல்கிறது. 50000 மட்டும் வந்தால் இப்போது பரவாயில்லை, ஆனால் முன்பு நடந்திருக்கிறது.

வோல்ட்டேஜ் என்றதும் எல்லோரும் மின்சார சபையைத் திட்டத் தொடங்குவார்கள். பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை பதிவாகும். கைபேசிக்கு வந்த மெல்லிய கேபிளில் சுமை ஏறும்போது அந்த அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். சோலர் பற்றரியிலிருந்து மலிவான மாற்றி வழியாக எடுப்பவர்கள் இதை இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

வெப்பமும் கேபிளும் விலகிய பிறகே பேட்ச். இந்த ஒழுங்கைப் பிடித்த பிறகு எனக்கு வரும் முறைப்பாடுகள் பாதியாகக் குறைந்தன.

அறிகுறி: பாலிசி0 அடைவே இல்லை

டிரைவர் ஏறவில்லை. கேர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜில் மைனஸ் 517 இருந்தால் அது பிழையல்ல. மீடிறன் தரும் கிளாக்கோ வோல்ட்டேஜ் தரும் ரெகுலேட்டரோ இன்னும் தயாராகவில்லை, பிறகு வருகிறேன் என்று டிரைவர் ஒதுங்கி நிற்கிறது. பிழை தேடுவதற்கான டீபக்எஃப்எஸ் அடைவில் டிவைசஸ்_டிஃபர்ட் என்ற கோப்பு யார் யார் காத்திருக்கிறார்கள் என்று சொல்லும். பேட்ச்சில் பார்க்க வேண்டியது: அந்த 517ஐ யாராவது 'சாதனம் இல்லை' என்ற மைனஸ் 19 ஆக மாற்றித் திருப்பி அனுப்புகிறார்களா? 'கிளாக் கிடைக்கவில்லை, ஆகவே சாதனம் இல்லை' என்று எழுதிவிட்டால் திரும்ப முயற்சி செய்யும் வழியே அடைபட்டுவிடும். ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது என்ற வகைப் பேய் இங்கிருந்துதான் கிளம்பும்.

மைனஸ் 17 வந்தால் வேறு டிரைவர் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது; அப்போது பாலிசி0 தெரிந்தாலும் அது அந்த டிரைவருடையது. ஒரு நேரத்தில் ஒரு சிபியுஃப்ரீக் டிரைவர்தான் பதிய முடியும். வன்பொருள் விவரத்தை டிவைஸ்ட்ரீ என்ற பட்டியலில் தரும் போர்டுகளில் பொதுவான சிபியுஃப்ரீக்-டிடி டிரைவர் முந்திக்கொண்டிருக்கும். புதிய சில்லுக்குத் தனி டிரைவர் எழுதுபவர் அந்தச் சில்லின் பெயரைப் பிளாட்டேவ் கோப்பில் உள்ள தடைப் பட்டியலில் சேர்த்தாரா என்று பாருங்கள். ஒரே ஒரு வரி. அதைத்தான் மறப்பார்கள்.

அறிகுறி: எண் அபத்தமாக இருக்கிறது

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன்.

வன்னியில் நெல்லுக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தகப்பன் புசலில் சொல்வார், ஆலைக்காரர் கிலோவில் எழுதுவார், இடையில் நிற்கும் பிள்ளை இரண்டையும் கூட்டிவிடும். கேர்னலிலும் அதேதான். சிபியுஃப்ரீக் பேசுவது கிலோஹெர்ட்ஸில். கிளாக் பகுதியும், எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்ட்டேஜ் என்று சொல்லும் ஓபிபி அட்டவணையும் பேசுவது ஹெர்ட்ஸில். ஓபிபியில் வோல்ட்டேஜ் மைக்ரோவோல்ட். வேகம் மாற எடுக்கும் நேரமான ட்ரான்சிஷன்_லேட்டன்சி நானோசெக்கன். வெப்பப் பகுதியில் 80 பாகை என்பது 80000. ஒரே பேட்ச்சில் இவை எல்லாம் கைகுலுக்கும்.

என் கதை இது. மலிவு போர்ட்டுக்கான பேட்ச் ஒன்றில், அட்டவணை கட்டும் இடத்தில் ஹெர்ட்ஸை 1000ஆல் வகுத்திருந்தார்கள். சரிதான். ஆனால் அந்த எண்ணைத் தரும் துணைச்சார்பு ஏற்கனவே ஒருமுறை வகுத்துவிட்டே தந்தது. அதனால் அட்டவணையில் 1500000க்குப் பதில் 1500 விழுந்தது. நான் போர்ட்டில் ஓடவிட்டு, ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக்கை வாசித்தேன். 1500 என்றது. '1500 மெகாஹெர்ட்ஸ், நன்று' என்று ஒப்புதல் கொடுத்துவிட்டேன். அந்தக் கோப்பு மெகாஹெர்ட்ஸில் பேசவே பேசாது என்பது எனக்குத் தெரியாததல்ல. கண் பழகிய எண்ணைக் கண்டதும் மூளை ஓய்வெடுத்துக்கொண்டது.

உண்மையில் நடந்தது: டிரைவர் 1500ஐ 1000ஆல் பெருக்கி, 1.5 மெகாஹெர்ட்ஸ் தா என்று கிளாக்கிடம் கேட்டது. அவ்வளவு கீழே போக அந்தக் கிளாக்கால் முடியாது. தன்னிடமுள்ள ஆகக் குறைந்த 600 மெகாஹெர்ட்ஸைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தது. மேலிருந்து கீழ்வரை எந்த வேகம் கேட்டாலும் 600தான். இரண்டு கிழமை கழித்து, போர்ட் ஏன் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று தங்கச்சி கேட்டபோதுதான் முழித்தேன். சூடு வந்தால் சந்தேகப்படுவோம், குளிர்ந்தால் யார் சந்தேகப்படுவார்கள்! டிமெசேஜில் 'பட்டியலில் இல்லாத மீடிறனில் ஓடுகிறது' என்று கேர்னல் தொடங்கும்போதே ஒரு வரி சொல்லியிருந்தது. அதையும் நான் வாசிக்கவில்லை. டிரைவர் ஆரம்ப மீடிறன் சோதனையைக் கேட்டிருந்தால் மட்டுமே அந்த வரி வரும், ஆகவே வராவிட்டால் எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே இப்போது பேட்ச்சில் 1000 என்ற எண் வரும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் இரண்டு பக்கமும் அலகை எழுதுகிறேன். உள்ளே வருவது ஹெர்ட்ஸா, வெளியே போவது கிலோஹெர்ட்ஸா? மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதும் நியாயமான கருத்துத்தான். எழுதியவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அபத்த எண்களில் இன்னும் இரண்டு வகை உண்டு. கோப்பு 4294967274 என்று காட்டினால் அது வேகமே அல்ல, மைனஸ் 22 என்ற பிழைக்குறி. வேகத்தை வாசித்துச் சொல்லும் டிரைவரின் கெட் சார்பு குறியில்லாத 32 பிட் எண்ணைத் திருப்ப வேண்டும். பிழை வந்தால் 0 திருப்ப வேண்டும். யாரோ பிழைக்குறியையே திருப்பியிருக்கிறார்கள். 4294967277 என்றால் மைனஸ் 19. இந்த மாதிரி 429 கோடியை ஒட்டி வரும் எதையும் 4294967296இலிருந்து கழித்துப் பாருங்கள், பிழைக்குறி வெளியே வரும். இதன் அண்ணன் தம்பி இன்னொரு பிழை: குறியில்லாத மாறியில் பதிலை வாங்கிவிட்டு, அது பூச்சியத்துக்குக் குறைவா என்று சோதிப்பது. அந்தச் சோதனை ஒருநாளும் உண்மையாகாது. கம்பைலரை எச்சரிக்கைகளைக் கூட்டி ஓடவிட்டால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, குறைந்த வேகங்களில் எல்லாம் சரி, ஆக மேலே உள்ள ஓரிரண்டு வேகங்களில் மட்டும் குழம்புகிறது என்பது. 2208000 கிலோஹெர்ட்ஸை 1000ஆல் பெருக்கினால் 2208000000. குறியுள்ள 32 பிட் மாறி 2147483647 வரைதான் பிடிக்கும். பெருக்கல் நிரம்பி வழிந்து எதிர்மறை எண்ணாகிவிடும். 2 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ள போர்டில் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. பெருக்குமுன் அகலமான வகைக்கு மாற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். பெருக்கிய பிறகு மாற்றினால் பயனில்லை, வழிந்த தண்ணீர் வழிந்ததுதான்.

அறிகுறி: எண் மாறுகிறது, வேகம் மாறவில்லை

மேலே சொன்னதன் நிழல்தான். எப்படி உறுதி செய்வது? ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக் பெரும்பாலான ஏஆர்எம் போர்டுகளில் கடைசியாகக் கேட்ட வேகத்தை நினைவிலிருந்து சொல்கிறது. சிபியுஇன்ஃபோ_கர்_ஃப்ரீக் வன்பொருளிடம் கேட்டுச் சொல்கிறது, அதை வாசிக்க ரூட் அனுமதி வேண்டும். இரண்டும் வேறுபட்டால் இடைவெளி அங்கேதான். ஆனால் கெட் சார்பே பழைய எண்ணைத் திருப்பும்படி எழுதப்பட்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போய் இரண்டும் பொய் சொல்லும்.

அதனால் கடிகாரத்தை நம்புங்கள். கவர்னரை, வேகத்தை நாமே கொடுக்கும் யூசர்ஸ்பேஸ் ஆக்கி, 600000இல் பூட்டி, கேஷுக்குள் அடங்கும் சிறு தரவில் ஒரு கணக்கு லூப்பை ஓடவிட்டு நேரம் பாருங்கள். பிறகு 1500000இல் அதையே. முதலாவது 25 செக்கன் எடுத்தால் இரண்டாவது 10க்குக் கிட்ட வர வேண்டும். இரண்டும் 25 என்றால் பேட்ச் பேசுவது எல்லாம் வாய்ப்பேச்சு. கோப்பு வாசிப்பதையோ பெரிய நினைவகத்தைத் துழாவுவதையோ வைத்து அளக்காதீர்கள். அங்கே எஸ்டி கார்டும் நினைவகமும்தான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

ஒரு விதிவிலக்கு. மடிக்கணினியில் இன்டெல்_பிஸ்டேட் டிரைவர் தன் வழக்கமான நிலையில் இருந்தால் பெர்ஃபோமன்ஸ், பவர்சேவ் என்று இரண்டு கவர்னர்கள்தான் தெரியும். அங்கே பவர்சேவ் என்றால் ஆகக் குறைந்த வேகத்தில் பூட்டுவது என்று அர்த்தமல்ல, சுமைக்கேற்ப வேகம் ஏறி இறங்கும். 'பவர்சேவ் போட்டும் வேகம் ஏறுகிறது' என்று பிழை அறிக்கை எழுதாதீர்கள்.

அறிகுறி: வேகம் ஏறும்போது உறைகிறது, அல்லது தானாக மறுபடி தொடங்குகிறது

ராஸ்பெரி பையில் வோல்ட்டேஜை ஃபேர்ம்வெயர் பார்த்துக்கொள்ளும். ரெகுலேட்டரை லினக்ஸே ஆளும் போர்டுகளில்தான் இந்தக் கண்டம்.

முதலில் பிரித்தறியுங்கள். யூசர்ஸ்பேஸ் கவர்னரில் ஆகக் கூடிய வேகத்தில் பூட்டி அரை மணித்தியாலம் சுமை கொடுங்கள். அசையாமல் நிற்கும்போதே விழுந்தால் ஓபிபி அட்டவணையில் அந்த வேகத்துக்கான வோல்ட்டேஜ் போதாது. நின்றபடி நன்றாக ஓடி, கீழிருந்து மேலே மாற்றும் நேரத்தில் மட்டும் விழுந்தால் ஒழுங்கு பிழை. இந்த ஒரு சோதனை பேட்ச்சில் எந்தப் பாதியை வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

ஒழுங்கு இதுதான்: ஏறும்போது வோல்ட்டேஜ் முன்னே, மீடிறன் பின்னே. இறங்கும்போது மீடிறன் முன்னே, வோல்ட்டேஜ் பின்னே. இரணைமடுக் குளத்துக்குக் கீழே கமம் செய்பவர்களிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். வாய்க்கால் கரையை உயர்த்திவிட்டுத்தான் துருசைக் கூட்டித் திறப்போம். தண்ணீரைக் குறைத்துவிட்டுத்தான் கரையில் மண்வெட்டி வைப்போம். டிரைவர் பொதுவான ஓபிபி செட்_ரேட் சார்பைக் கூப்பிட்டால் இந்த ஒழுங்கை அதுவே பார்த்துக்கொள்ளும். பேட்ச் அதை விட்டுவிட்டுத் தானே ரெகுலேட்டரையும் கிளாக்கையும் தொட்டால், ஏன் என்று கேளுங்கள். நல்ல காரணம் இருக்கலாம், ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

கையால் எழுதியிருந்தால் மூன்று இடம் பாருங்கள். 'ஏறுகிறோமா' என்ற ஒப்பீட்டில் பழைய மீடிறன் எங்கிருந்து வருகிறது? மாற்றிய பிறகு வாசித்திருந்தால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும், ஒப்பீடு எப்போதும் ஒரே பக்கம் சாயும். ரெகுலேட்டருக்கு உயர நேரம் கொடுத்தார்களா? பிறகு, யாரும் சோதிக்காத வழி: வோல்ட்டேஜ் உயர்ந்துவிட்டது, கிளாக் மறுத்துவிட்டது. அப்போது வோல்ட்டேஜைப் பழையபடி இறக்குகிறார்களா? இறக்காவிட்டால் போர்ட் சாகாது. தேவையில்லாமல் சூடாகிக்கொண்டே இருக்கும், நாம் மறுபடி காண்டாவனத்தைக் குறை சொல்வோம்.

அறிகுறி: ஷெட்யூட்டில் கவர்னரில் மட்டும் வெடிக்கிறது

ஆன்டிமாண்ட் கவர்னரில் சரியாக ஓடும். ஷெட்யூட்டிலுக்கு மாற்றியதும், 'அணுநிலையில் (காத்திருக்கவே கூடாத இடத்தில்) தூங்க முயன்றது' என்ற பொருளில் கேர்னல் அலறும். ஷெட்யூட்டில் 2016இல் 4.7 பதிப்போடு வந்தது. டிரைவர் ஃபாஸ்ட்_ஸ்விட்ச் என்ற உடனடி வேகமாற்றுச் சார்பைக் கொடுத்தால், அதை எந்த வேலை எப்போது ஓடும் என்று ஒழுங்குபடுத்தும் ஷெட்யூலரின் உள்ளேயிருந்தே கூப்பிடும். அங்கே தூங்கக்கூடாது: மியூட்டெக்ஸ் என்ற பூட்டைப் பிடிக்கக்கூடாது, ஐ2சி கம்பிக்கு அப்பால் இருக்கும் ரெகுலேட்டருடன் பேசிக்கொண்டு நிற்கக்கூடாது. பேட்ச்சில் ஃபாஸ்ட்_ஸ்விட்ச் என்ற சொல்லைக் கண்டால் அது கூப்பிடும் ஒவ்வொரு சார்புக்குள்ளும் இறங்கிப் பாருங்கள், மூன்றாம் நான்காம் படியில்தான் மியூட்டெக்ஸ் ஒளிந்திருக்கும். அணுநிலைத் தூக்கத்தைப் பிடிக்கும் டீபக் தெரிவை இயக்கிக் கட்டிய கேர்னலில் ஓடவிடுவது கண்ணைவிட நம்பகம். ஃபாஸ்ட்_ஸ்விட்ச் இல்லாவிட்டால் சுகொவ் என்ற கேர்னல் திரெட் வேகத்தை மாற்றும். அது போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: ஒரு கோரைத் தொட்டால் மற்றதும் ஆடுகிறது

நான்கு கோருக்கும் ஒரே கிளாக் என்றால் ஒரே பாலிசிதான் இருக்க வேண்டும், ரிலேட்டட்_சிபியுஸ் கோப்பில் 0 1 2 3 என்று நான்கும் வர வேண்டும். பாலிசி0, 1, 2, 3 எனத் தனித்தனியாக நின்றால் டிரைவர் தொடங்கும்போது ஓடும் இனிட் சார்பில் பங்காளிக் கோர்களைச் சொல்ல மறந்திருக்கிறது. வேலையில்லாத கோர் 600க்கு இறக்கும், வேலை செய்யும் கோர் 1500க்கு ஏற்றும். வரம்புக்கு இரண்டு கமக்காரர் மல்லுக்கட்டுவதுபோல.

அறிகுறி: உறங்கி எழுந்த பிறகு, அல்லது மொடியூலைக் கழற்றி ஏற்றிய பிறகு கெடுகிறது

கழற்றி ஏற்றுவதை 100 தரம் ஒரு சிறு ஸ்கிரிப்டில் ஓடவிடுங்கள். இனிட்டில் வாங்கிய கிளாக், டிவைஸ்ட்ரீ முனை, நினைவகம் எல்லாவற்றுக்கும் கழற்றும்போது ஓடும் எக்ஸிட் சார்பில், திருப்பிக் கொடுக்கும் ஜோடி இருக்கிறதா என்று எண்ணுங்கள். நடுவழியில் பிழையாகி வெளியேறும் பாதையையும் சேர்த்து.

பேட்ச்சுக்குப் பதில் எழுதும்போது

எங்கே உடைந்தது என்று எதிலும் பிடிபடாவிட்டால், உடைத்த மாற்றத்தைத் தேடித் தரும் கிட் பைசெக்ட் கட்டளை. இரண்டு பதிப்புகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் இருக்கும். ஆனாலும் 14 தரம் பாதி பாதியாக வெட்டினால் 16384இலிருந்து ஒன்று மிஞ்சும். சிபியுஃப்ரீக் அடைவுக்குள் மட்டும் தேடச் சொன்னால் இன்னும் குறையும், ஆனால் குற்றவாளி கிளாக் பகுதியில் இருந்தால் தவறவிடுவீர்கள்.

ஓடவிட்டுப் பார்த்தேன் என்பதும் வாசித்து ஏற்றுக்கொண்டேன் என்பதும் வேறு வேறு ஒப்பங்கள். இரண்டையும் செய்யாமல் இரண்டையும் போடாதீர்கள். போர்ட், கேர்னல் பதிப்பு, கவர்னர், பகலா இரவா, அறை வெப்பம், லூப்புக்கு எடுத்த நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். என் 1500 கதைக்குப் பிறகு, கோப்பு காட்டிய எண்ணை மட்டும் ஆதாரமாக நான் எழுதுவதில்லை.

தம்பியின் இரண்டாவது பேட்ச்சை நேற்று மத்தியானம் 2 மணிக்கு, விசிறியை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். 600இல் 25 செக்கன், 1500இல் 10 செக்கன், மாறும்போது விழவில்லை. கிளாக் மறுத்தால் வோல்ட்டேஜை யார் இறக்குவது என்ற ஒரு கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. பரந்தனில் காலையிலிருந்து கரண்ட் இல்லையாம்.